பின்னால் நகர்கிற பேட்

குரு என்றதும் தாடியையும் தண்டத்தையும் தேடாதீர்கள். இந்தக் கதையில் வருகிற குருவுக்கு முழங்காலில் நீலப் பட்டை, கழுத்தில் விசில், வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. பெயர் செண்பகம். வயது முப்பத்தைந்து இருக்கும். கோயமுத்தூருக்கு மேற்கே வடவள்ளிப் பக்கம் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில்.

கல்லூரியில் படிக்கும்போது ஷட்டிலில் பேர் வாங்கியவள். முழங்கால் ஒருநாள் “போதும் தாயி” என்று மடங்கிக்கொண்டது. வேறு ஆளாக இருந்தால் பேட்டைப் பரணில் போட்டிருப்பார்கள். இவள் காலனித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சும்மா கிடந்த சிமெண்டுத் தரையில் பெயிண்டால் கோடு போட்டாள். இரண்டு இரும்புக் குழாய்களை நட்டு நெட் கட்டினாள். கேட்டில் ஒரு பலகையும் மாட்டினாள்.

“ஆடத் தெரியாதவர்கள் வரலாம். தெரிந்தவர்களும் வரலாம்.”

பலகையைப் பார்த்து வந்தவர்கள்தான் அவளைக் கேலியாகக் குரு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாராவது பெரிதாகச் சந்தேகம் கேட்டால் குரு நெட் கயிற்றின் ஒரு முனையைக் கையில் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொல்வாள். பதில் அப்புறம் வரும். சில சமயம் வராமலும் போகும்.

அந்தப் பலகையை ஒருநாள் தெய்வானை படித்தாள்.

தெய்வானைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் போன தையில் போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தைய வருஷங்களெல்லாம் மருந்து, கஞ்சி, ஆஸ்பத்திரி என்றே ஓடின. மகன் பூனாவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி “சாப்பிட்டியாம்மா” என்பான், இவள் “சாப்பிட்டேன் சாமி” என்பாள். மற்ற நாளெல்லாம் வீட்டில் டிவிதான் பேசும். சில நாள் பொழுது சாய்கிறவரை அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வந்திருக்காது. ஒருநாள் மிக்ஸியிடம் “சித்தெ இரு, வர்றேன்” என்று சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள்.

பால் வாங்கப் போன ஒரு காலையில், தொட்டிப் பக்கமிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே நின்றாள். பால் பாக்கெட்டின் குளிர்ச்சி போகிற வரைக்கும் நின்றாள்.

“உள்ள வாங்க்கா,” என்றாள் செண்பகம்.

“எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது அம்மிணி.”

“பலகையைப் படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“அப்ப தகுதி இருக்குதுங்க. ஷூ ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு வாங்க, போதும்.”

மகனிடம் சொன்னாள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஷூவோடு ஒரு பேட்டையும் ஆன்லைனில் வாங்கி அனுப்பிவிட்டான். சுடிதாருக்குக் கீழே வெள்ளை ஷூ பளபளக்கத் தெருவில் நடந்தபோது, எதிர்வீட்டுக்காரி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று சுவரை ஒட்டியே போனாள். பயம்தான். ஆனாலும் பயத்துக்கு அடியில் ஒரு குஷி இருந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது.

அந்தக் கிளப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் தன் பேட்டைத் தொட்டிச் சுவர் ஓரமாகத் தரையில் வைக்க வேண்டும். வந்த வரிசைப்படி பேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். முதல் நாலு பேட்டின் சொந்தக்காரர்கள் கோர்ட்டில் இறங்குவார்கள். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர், தோற்றவர் எல்லாரும் பேட்டைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் வைத்துவிட வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்பதையும் அந்த வரிசைதான் முடிவு செய்யும். நேற்றுச் சேர்ந்தவர் செண்பகத்துக்கே ஜோடியாக வாய்க்கலாம். அடுத்தவர் பேட்டை மட்டும் யாரும் தொடக் கூடாது. உங்கள் பேட்டை நீங்கள் எங்கே நகர்த்திக்கொண்டாலும் கேட்பாரில்லை.

முதல் நாள் தெய்வானைக்கு ஜோடியாக வாய்த்தவர் சம்பத். மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், தங்கமான மனுஷன், வாய் மட்டும் சும்மா இருக்காது. தெய்வானை தன் பக்கம் வந்த பந்தையும் அடிக்கப் போனாள், அவர் பக்கம் வந்த பந்தையும் அடிக்கப் போனாள். எதுவும் படவில்லை. பட்டது சம்பத்தின் மூக்குக்கண்ணாடி மட்டும். நல்லவேளை, கண்ணாடி உடையவில்லை, கம்பிதான் வளைந்துபோயிற்று.

“ஐயோ சாமி! பட்டுருச்சா தம்பி?”

“ஒண்ணுமில்லீங்க்கா, விடுங்க,” என்று கம்பியை நிமிர்த்திக்கொண்டே சுவர் ஓரம் போனவர், அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னார்: “இன்னைக்கு நான் மூணு பேரை எதுத்து ஆடுனேனுங்க. எதுத்தாப்புல ரெண்டு பேரு, பக்கத்துல ஒருத்தரு.”

எல்லாரும் சிரித்தார்கள். தெய்வானையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, ஷூக் கயிற்றைக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து தோசை ஊற்றினாள். திருப்பிப் போட மறந்து அது கருகிற்று. ‘பக்கத்துல ஒருத்தரு’ என்பதே காதில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள். செண்பகம் நெட் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏனம்மிணி, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க்கா.”

“நான் எறங்குனா உங்க ஆட்டமெல்லாம் கெட்டுப் போயிராதா?”

செண்பகம் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.

“கெடுமுங்க்கா.”

அவ்வளவுதான். “அந்த முனையைச் சித்தெ இழுத்துப் புடிங்க,” என்று கயிற்றை நீட்டினாள்.

வேறு யாராக இருந்தாலும் “அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா” என்றிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தானே தெய்வானை ஓடி வந்திருந்தாள்! குருவாம் குரு, இப்படியா பட்டென்று போட்டு உடைப்பது? கயிற்றை இழுத்துப் பிடித்தாள். கண் கலங்கியது. தூசி விழுந்துவிட்டது என்று துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டாள்.

போய்விடலாமா என்றுதான் முதலில் நினைத்தாள். அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள், யாரோ எதையோ சொன்னார்கள், சிரிப்புச் சத்தம் கிளம்பிவிட்டது. அதை விட்டுவிட்டு டிவிச் சத்தத்துக்குத் திரும்பிப் போக மனசு வரவில்லை. இங்கே இருக்கவும் வேண்டும், இவர்கள் ஆட்டமும் கெடக் கூடாது. அதற்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டவள் அவள். முதல் தோசை மாமனாருக்கு. அடுத்தது வீட்டுக்காரருக்கு. அப்புறம் மகனுக்கு. ஒறம்பரை என்று விருந்தாளிகள் வந்திருந்தால் அவர்களுக்கு. மாவு மிஞ்சினால் அவளுக்கு. அதில் அவளுக்கு வருத்தமெல்லாம் கிடையாது. அப்படித்தான் என்று இருந்துவிட்டாள்.

அதையே இங்கேயும் செய்தாள். பேட்டை ஒழுங்காகக் கொண்டுவந்து வரிசையில் வைப்பாள். தன் முறை நெருங்குகிறது என்று தெரிந்ததும், எல்லார் கண்ணும் கோர்ட்டில் இருக்கும்போது மெதுவாகக் குனிந்து, பேட்டை எடுத்துக் கடைசியில் வைத்துவிடுவாள். மறுபடி நெருங்கினால் மறுபடி கடைசிக்கு. யாரும் பார்க்கவில்லை என்பது அவள் நினைப்பு.

சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது. அதனால் இருக்கிற வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வேப்பிலைச் சருகைக் கூட்டினாள். சுவர் தாண்டிப் போன பந்தை ஓடிப்போய் எடுத்துவந்தாள். பெரிய பிளாஸ்க்கில் சுக்குக் காபி கொண்டுவந்தாள், கருப்பட்டி தூக்கலாக. சம்பத் ஒன்றுக்கு இரண்டு டம்ளராகக் குடித்துவிட்டு “அக்கா இல்லாட்டி இந்தக் கிளப்பே இல்லீங்க” என்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். வீட்டுக்குப் போய் பேட்டை ஆணியில் மாட்டுவாள். கைப்பிடியின் புதுப் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழியவில்லை.

அவளுக்கு அப்புறம் சேர்ந்தவள் ஹமீதா. பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டூட்டி முடிந்து நேராக வருவாள். ஆட்டத்தில் தெய்வானையைவிட மோசம். பந்து ஒரு பக்கம் போகும், பேட் ஒரு பக்கம் போகும், வாய் மட்டும் ஊரைக் கூட்டும்.

“தப்பா அடிக்கறப்ப உனக்குக் கூச்சமா இல்லியா கண்ணு?” என்று தெய்வானை அவளிடம் கேட்டாள்.

“கூச்சம்தான்க்கா. ஆனா ஆஸ்பத்திரில கத்த முடியாதே. இங்க தப்பா அடிச்சா நல்லாக் கத்தலாம்.”

“உன்ற ஜோடி ஏதாச்சும் நெனச்சுக்க மாட்டாங்களா?”

“நெனச்சாங்கன்னா அவங்களும் கத்தட்டும்,” என்றாள் ஹமீதா. “நீங்க ஏன்க்கா ஆடறதே இல்ல?”

“என்ற முறை வரலியே கண்ணு.”

ஹமீதா அவளையே பார்த்தாள். பிறகு காபியை ஊதிக் குடித்தாள்.

அந்தப் பொய் தெய்வானைக்கு உறுத்தலாகவே இருந்தது. மருந்து கசக்காது என்று வீட்டுக்காரரிடம் சொன்னதைத் தவிர அவள் யாரிடமும் பெரிதாகப் பொய் சொன்னவளில்லை.

ஆடி பிறந்தது. கோயமுத்தூரில் ஆடி என்றால் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்று, வெயில் ஏற ஏற வலுத்துவிடும். இறகுப் பந்துக்கும் காற்றுக்கும் ஆகவே ஆகாது. அதனால் அந்த மாதம் முழுக்க, காற்று கிளம்புவதற்குள் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும். இருக்கிற கொஞ்ச நேரத்தில் தன் பேட் வேறு வரிசையில் எதற்குக் குறுக்கே கிடக்கிறது என்று தெய்வானைக்குத் தோன்றியது. நின்றுவிடுவது என்று முடிவு செய்தாள்.

நின்றால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். மறுபடி அந்த வீடு. மறுபடி மிக்ஸியோடு பேச்சு. கடைசி நாள்தானே என்று அன்றைக்குக் காபியை இரண்டு பிளாஸ்க்கில் போட்டாள். திரும்பி வரும்போது வீடு வெறிச்சென்று இருக்கக் கூடாதென்று, டிவியை அணைக்காமலே பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“அம்மிணி, இன்னையோட நான் நின்னுக்கறேன்,” என்றாள் நெட் பக்கத்தில் போய். “இந்த பேட்டை ஆடறவங்க யாருக்காச்சும் குடுத்துரு. புதுசுதான்.”

செண்பகம் பேட்டைப் பார்த்தாள். கைப்பிடி உறையைப் பார்த்தாள்.

“சரிங்க்கா,” என்றாள். “இன்னைக்கு ஒருநாள் மட்டும் வரிசைல வெச்சிருங்க.”

இவ்வளவு சுலபமாகச் சரி என்றது தெய்வானைக்குச் சுருக்கென்றது. ஒரு பேச்சுக்காவது இருங்கக்கா என்று சொல்லியிருக்கலாம். போய் பேட்டைச் சுவர் ஓரம் வைத்தாள். முதலில் வைத்தவள் அவள்தான், அதனால் அவள் பேட்தான் முதலாவது. பின்னால் செண்பகம் வைத்தாள். ஹமீதா வந்து வைத்தாள். சம்பத் வந்து வைத்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள்.

இறங்குகிற நேரம் வந்தது. தெய்வானை வழக்கம்போலக் குனிந்து, தன் பேட்டை எடுத்துக் கடைசியில் வைத்தாள்.

செண்பகம் எழுந்தாள். பட்டை போட்ட முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, தன் பேட்டை எடுத்து தெய்வானையின் பேட்டுக்குப் பின்னால் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஹமீதா அதைப் பார்த்தாள். அவளும் எழுந்து வந்து, செண்பகத்தின் பேட்டுக்குப் பின்னால் தன் பேட்டை வைத்தாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து வைத்தார்கள். இப்போது தெய்வானையின் பேட் மறுபடி முன்னால் வந்துவிட்டது.

தெய்வானைக்கு ஒன்றும் ஓடவில்லை. ஏதோ கவனப்பிசகு என்று நினைத்து மறுபடி எடுத்துக் கடைசியில் வைத்தாள்.

செண்பகம் மறுபடி எழுந்தாள்.

கோர்ட்டில் ஒருவரும் இல்லை. சுவர் ஓரத்தில் பேட்டுகள் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தன. குடிதண்ணீர்க் குழாயைத் தாண்டின. வேப்பமரத்தைத் தாண்டின. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, பேட்டுகளெல்லாம் வாக்கிங் போகுதுங்களா?”

ஹமீதா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சம்பத்து தம்பி, நீங்களாச்சும் எறங்குங்க,” என்றாள் தெய்வானை. குரல் கெஞ்சியது.

“எனக்கு முன்னாடி நீங்க இருக்கீங்களேக்கா.”

“நான் அப்புறமா எறங்கறேன்.”

“அப்ப நானும் அப்புறமாவே எறங்கறேனுங்க.” சம்பத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கம்பி இன்னமும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. “அக்கா, அன்னைக்கு நான் வாய்க்கொழுப்புல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டேன்.”

“எந்த வார்த்தை?”

“மூணு பேருன்னு.”

“அதெல்லாம் நான் எப்பவோ மறந்தாச்சு தம்பி.”

“நான் மறக்கலீங்க்கா. நீங்க பேட்டை நகத்தறப்பெல்லாம் ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு.”

தெய்வானைக்கு முகம் சிவந்துவிட்டது. “பாத்தீங்களா நீங்க?”

“எல்லாருந்தான் பாத்தோம். கேட்டா சங்கடப்படுவீங்கன்னு வாயை மூடிட்டு இருந்தோம்.” குனிந்து தன் பேட்டை அவள் பேட்டுக்குப் பின்னால் வைத்தார். “உங்க காபியை வேற வெக்கமில்லாம ரெண்டு டம்ளர் குடிச்சேன்.”

வெட்கத்தில் தெய்வானைக்குக் கோபம் வந்தது. “என்ன கூத்து இது? உங்களுக்கெல்லாம் கிறுக்கா புடிச்சிருக்குது? காத்துக் கெளம்பறதுக்குள்ள ஆடித் தொலைங்களேன்!” என்று சத்தம் போட்டாள். அந்தக் கிளப்பில் அவள் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. போட்டுவிட்டு, விடுவிடென்று தன் பேட்டை எடுத்துக் கடைசியில் வைக்கப் போனாள்.

கடைசி என்று இப்போது இடமே இல்லை. வரிசை கேட்டுவரை வந்துவிட்டிருந்தது. அதற்கப்புறம் தெருதான்.

பேட்டோடு கேட்டைத் தாண்டித் தெருவில் கால் வைத்தாள். தெருக்கோடியில் அவள் வீடு தெரிந்தது. சாத்திய ஜன்னல். உள்ளே டிவியில் யாரோ யாரிடமோ அழுதுகொண்டிருக்கிற சத்தம் இங்கேவரை லேசாகக் கேட்டது. இப்படியே நடந்தால் வீடு. பூட்டைத் திறந்து உள்ளே போக வேண்டியதுதான். போகப் பிடிக்கவில்லை. அவளுக்கு அந்த வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை. அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டதும் அன்றைக்குத்தான்.

அந்த மனசோடு, கையில் இருந்த பேட்டைத் தெரு ஓரத்து மண்ணில் வைத்தாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினாள். செண்பகம் கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள், கையில் பேட்டோடு. அவளுக்குப் பின்னால் ஹமீதா. அவளுக்குப் பின்னால் சம்பத், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக.

“நீங்கெல்லாம் எங்க வர்றீங்க?”

“வரிசை இந்தப் பக்கந்தானே போகுதுங்க,” என்றார் சம்பத்.

செண்பகம் தெய்வானையின் பேட்டுக்குப் பின்னால் தன் பேட்டை வைக்கக் குனிந்தாள். அந்த முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தாள். காலையிலிருந்து எத்தனை தடவை இப்படிக் குனிந்திருப்பாள் என்பது அப்போதுதான் தெய்வானைக்கு உறைத்தது. ஐயோ, இந்தக் காலை வைத்துக்கொண்டா!

ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள்.

“போதும், எந்திரி கண்ணு. எறங்கறேன். எறங்கித் தொலைக்கறேன், வாங்க எல்லாரும்.”

அவர்கள் கோர்ட்டுக்குத் திரும்புவதற்கும் காற்று கிளம்புவதற்கும் சரியாக இருந்தது. வேப்பஞ்சருகு தரையெல்லாம் ஓடியது. நெட் புடைத்துக்கொண்டு நின்றது.

“காத்து வந்துருச்சே,” என்றாள் தெய்வானை. “இனி எங்க ஆடறது?”

“சர்வீஸ் போடுங்க்கா,” என்றாள் செண்பகம்.

தெய்வானையும் சம்பத்தும் ஒரு பக்கம். செண்பகமும் ஹமீதாவும் எதிர்ப் பக்கம். சம்பத் முன்ஜாக்கிரதையாகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இன்னைக்கு எத்தனை பேரை எதுத்து ஆடறீங்க சம்பத்தண்ணா?” என்று சுவர் ஓரத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

“காத்தோட சேத்து மூணு! அக்கா நம்ம கச்சி!”

தெய்வானை கைப்பிடியைப் பிடித்தாள். அந்தப் பிளாஸ்டிக் உறை வழுக்கியது. பல்லால் கடித்துக் கிழித்து எறிந்துவிட்டு அடித்தாள்.

பந்து நெட்டைத் தாண்டவில்லை. மேலே போனது, நின்று யோசித்தது, காற்றோடு திரும்பி வந்து அவள் தலையிலேயே விழுந்தது. சுவர் ஓரத்தில் சிரிப்பு வெடித்தது. செண்பகம் அடித்த பந்து வேப்பமரத்தில் போய் மாட்டியது. பேர் வாங்கிய ஆட்டக்காரி அடித்தது! ஹமீதா ஆசை தீரக் கத்தினாள். சம்பத் கண்ணாடி இல்லாததால், பறந்துபோன சருகைப் பந்து என்று நினைத்து ஒரு தடவை ஓங்கி அடித்தார். அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் நேராகப் போன பந்து ஒன்றுகூட இல்லை. தெய்வானை ஓடினாள், தவறவிட்டாள், “அட சனியனே!” என்று பந்தைத் திட்டினாள், மறுபடி ஓடினாள். மூச்சு இரைத்தது. வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்த பிறகு அவள் இப்படி வயிறு வலிக்கச் சிரித்ததில்லை.

ஆட்டம் முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. மரத்தில் ஒன்று, தொட்டிமேல் ஒன்று, சாக்கடையில் ஒன்று என்று பந்துகள் தீர்ந்தபோது நிறுத்தினார்கள்.

சுவர் ஓரம் உட்கார்ந்தார்கள். தெய்வானை பிளாஸ்க்கைத் திறக்கப் போனாள். சம்பத் அதை வாங்கிக்கொண்டார். முதல் டம்ளரை ஊற்றி அவள் கையில் கொடுத்தார்.

“நீங்க குடிங்க தம்பி, நான் அப்புறமா…” என்று ஆரம்பித்தவள், எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். வாங்கிக் குடித்தாள். கருப்பட்டி கொஞ்சம் அதிகம்தான். இத்தனை நாள் இவர்கள் யாரும் சொல்லவே இல்லை.

செண்பகம் காலை நீட்டி, பட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். தெய்வானை அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, கேட்காமலே அந்த முழங்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

“இன்னைக்கு ஒரு ஆட்டம்கூட உருப்படியா நடக்கலியே அம்மிணி. என்னாலதானே?”

“ஆமாங்க்கா. நல்லாவே கெட்டுப்போச்சு.”

பிடித்துவிட்ட கை நின்றது. நாட்கணக்காகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

“அன்னைக்கும் இதையேதானே சொன்னே? நான் எறங்குனா கெடும்னு. அந்த ஒரு வார்த்தையை வெச்சுட்டுத்தானே நான் இத்தனை நாளா பேட்டை நகத்திட்டுக் கெடந்தேன்.”

செண்பகம் புதுக் கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

“கெடும்னு சொன்னேனுங்க்கா,” என்றாள். “வேண்டாம்னு சொன்னேனா?”